தாள் எண்ணை ஒரே இடத்தில் எழுதுங்கள்: வரைபடத் தாள்களை அடுக்குவதும் இணைப்பதும்

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. மூன்று தளக் கட்டடம் ஒன்றுக்கு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் 64 தாள்கள் வரைந்திருக்கிறீர்கள். அவற்றில் நாற்பதுக்கு மேற்பட்டவை டிடபிள்யூஜி என்ற ஒரே வரைபடக் கோப்புக்குள் லேயவுட்களாக, அதாவது அச்சுக்கான தாள் பக்கங்களாக, இருக்கின்றன. நான்கு பேர் வேலை செய்கிறீர்கள். நடுவில் ஒரு தாள் சேர்ந்தால் அதற்குப் பிந்தைய எண்கள், அவற்றைச் சுட்டும் குறிகள், முதல் தாளில் உள்ள பட்டியல் எல்லாவற்றையும் கையால் திருத்துகிறீர்கள். தாள்களை ஒரே தொகுப்பாக நிர்வகிக்கும் ஷீட் செட் மேனேஜருக்கு மாறலாமா, பாதி வேலையில் மாறினால் இருப்பதும் கெட்டுவிடுமா என்பது கேள்வி.

மாறலாம், மாற வேண்டும். ஆனால் முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் தொகுப்பில் ஏதாவது ஒரு விவரத் தாளை (கட்டடத்தின் சிறு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் தாளை) எடுத்துக்கொண்டு, அதன் எண் எத்தனை இடங்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லேயவுட்டின் பெயரில் ஒன்று, தாளின் ஓரத்தில் தலைப்பும் எண்ணும் எழுதும் கட்டமான டைட்டில் பிளாக்கில் ஒன்று, முதல் தாளின் பட்டியலில் ஒன்று, பிடிஎஃப் கோப்பின் பெயரில் ஒன்று, தள வரைபடங்களில் அந்தத் தாளைச் சுட்டும் வட்டக் குறிகளில் பத்தோ பதினைந்தோ. ஒரே எண்ணுக்கு இருபது பிரதிகள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல். உங்கள் சிக்கலின் வேர் இதுதான். எந்த மென்பொருளை எடுத்தாலும், அந்த எண்ணுக்கு ஒரே பிறப்பிடத்தை வைத்து மற்ற இடங்கள் எல்லாம் அதைப் பார்த்துக் காட்டும்படி செய்வதுதான் வேலை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு திட்டத்தில், விவரத் தாள்களுக்கு நடுவே ஒரு புதிய தாள் சேர்ந்தது. ஏ-502 என்பது ஏ-503 ஆனது. தள வரைபடங்களில் இருந்த குறிகளைக் கையால் திருத்தினோம். ஒன்று தப்பிவிட்டது. வெளிச் சுவர் ஜன்னலின் அடிப்பகுதியைச் சுட்டும் குறி 'ஏ-502 தாளில் 4' என்றே நின்றது. புதிய ஏ-502 தாளிலும் 4 என்று ஒரு விவரம் இருந்தது. அதுவும் ஜன்னல் அடிதான், ஆனால் உள்சுவர் ஜன்னலுக்கானது. மழைநீர் சுவருக்குத் திரும்பாமல் சொட்டி விழுவதற்கு அடியில் விட வேண்டிய பள்ளம் அதில் இல்லை. பார்த்தவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஒரு தளம் முழுவதும் பள்ளம் இல்லாமல் வார்த்துவிட்டார்கள். குறி எங்கேயும் போய்ச் சேராமல் இருந்திருந்தால் யாராவது தொலைபேசியில் கேட்டிருப்பார்கள். தவறான இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததால் யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கையால் தட்டிய தாள் எண்ணைக் கண்டால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இனி அடுக்கும் முறைக்கு வருவோம். கோப்புகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். ஒன்று மாடல் கோப்புகள்: தரைத்தளம், முதல் தளம், தூண் கட்டம், வெட்டுத்தோற்றங்கள் என்று கட்டடத்தையே 1:1 அளவில் வரையும் இடம். இவற்றில் தாள் எல்லை, டைட்டில் பிளாக் எதுவும் இருக்கக் கூடாது. மற்றொன்று தாள் கோப்புகள்: மாடல் கோப்புகளை எக்ஸ்ரெஃபாக (வேறு கோப்பை இணைத்துக் காட்டும் முறை) இழுத்துக்கொண்டு, வியூபோர்ட் (தாளில் உள்ள சாளரம்) வழியாகக் காட்டும் இடம். தாளை அமைக்கும் இடமான பேப்பர் ஸ்பேஸும் எக்ஸ்ரெஃபும் ஆட்டோகேடின் 11ஆம் பதிப்பில், 1990இல், ஒன்றாகவே வந்தன. அந்த இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தாமல் லேயவுட்டை மட்டும் பெருக்கிக்கொண்டே போனால்தான் உங்களுக்கு நேர்ந்திருப்பது நேரும்.

ஒரு தாளுக்கு ஒரு கோப்பு, ஒரு கோப்புக்கு ஒரு லேயவுட். 64 கோப்புகளா என்று மலைக்காதீர்கள். டிடபிள்யூஜி கோப்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்த முடியும். நாற்பது தாள்கள் ஒரே கோப்பில் இருந்தால், ஒருவர் அதைத் திறந்த நொடியில் மற்ற மூவருக்கும் நாற்பது தாள்களும் பூட்டப்படுகின்றன. நான்கு பேர் உள்ள குழுவில் இதைவிடப் பெரிய நேர விரயம் இல்லை. கோப்பு கெட்டுப்போனால் நாற்பதும் சேர்ந்து போகும் என்பது இன்னொரு அபாயம்.

எக்ஸ்ரெஃப் இணைக்கும்போது இரண்டு இடங்களில் பலர் வழுக்குகிறார்கள். முதலாவது, அட்டாச், ஓவர்லே என்ற தேர்வு. அட்டாச் செய்தது அடுத்த கோப்புக்கும் கூடவே வரும். ஓவர்லே செய்தது அந்த ஒரு கோப்போடு நின்றுவிடும். கட்டமைப்பு வரைபவர் கட்டடக்கலைத் தளத்தைப் பின்னணிக்காக இழுக்கிறார், கட்டடக்கலைக்காரர் தூண்களுக்காகக் கட்டமைப்புக் கோப்பை இழுக்கிறார் என்றால், இருவரும் அட்டாச் செய்தால் ஒன்றையொன்று சுற்றும். பின்னணிக்காக இழுப்பதை எல்லாம் ஓவர்லேயாக வையுங்கள். இரண்டாவது, பாதை, அதாவது இழுத்த கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி. முழுப் பாதையாக வைத்தால் கோப்புறையை வேறு டிரைவுக்கு நகர்த்தியதும் இணைப்பு அறுந்துவிடும். இழுக்கும் கோப்பிலிருந்து பார்த்து இடத்தைச் சொல்லும் சார்புப் பாதையே பாதுகாப்பு. 2018 பதிப்பிலிருந்து ஆட்டோகேட் புதிய இணைப்புகளுக்கு அதையே இயல்பாக வைக்கிறது. பழைய கோப்புகளில் முழுப் பாதை ஒளிந்திருக்கும், எக்ஸ்ரெஃப் பட்டியலைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாடல் கோப்பின் பெயரில் திருத்த எண்ணையோ தேதியையோ சேர்க்காதீர்கள். 'முதல்தளம்-திருத்தம்3-இறுதி' என்று பெயர் மாறிய அன்றே அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாள்கள் எல்லாம் குருடாகிவிடும், அல்லது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். பின்னது இன்னும் மோசம். பெயர் நிலையாக இருக்கட்டும். பழையதைக் காக்க வேண்டுமென்றால் வெளியிட்ட நாளில் முழுத் தொகுப்பையும் தேதியிட்ட கோப்புறையில் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள்.

தாள் அளவையும் அளவுகோலையும் வரையத் தொடங்கும் முன்பே முடிவு செய்வது நல்லது. ஏ1 தாள் 594 × 841 மில்லிமீட்டர். கட்டடத்தின் நீளம் 60 மீட்டர் என்றால் 1:100 அளவுகோலில் 600 மில்லிமீட்டர், ஓரமும் டைட்டில் பிளாக்கும் போக ஏ1 தாளில் அடங்கும். அதையே 1:50இல் வேண்டும் என்று கேட்டால் 1200 மில்லிமீட்டர். ஏ0 தாளின் நீளமே 1189தான், அடங்காது. அப்போது தளத்தை இரண்டாகப் பிரித்து, பிரியும் இடத்தில் இணைப்புக்கோடு போட்டு, இரண்டு தாளிலும் ஒரே மாடல் கோப்பைக் காட்ட வேண்டும். வெட்டி இரண்டு கோப்பாக்கிவிடாதீர்கள். இணைப்புக்கோட்டின் அருகே 'தொடர்ச்சி, தாள் ஏ-112' என்று எழுதுகிறோமே, அந்த எண்ணும் கையால் தட்டக் கூடாத எண்களில் ஒன்று. பிரித்த தாள் ஒவ்வொன்றிலும் கட்டடத்தின் சிறு வரைவைப் போட்டு, இது எந்தப் பகுதி என்று கோடிட்டுக் காட்டினால் படிப்பவருக்குப் பெரிய உதவி.

இப்போது ஷீட் செட். ஆட்டோகேட் 2005 பதிப்பில் இது வந்தது. கண்ட்ரோலும் 4உம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் திறக்கும். தாள்களின் வரிசை, எண், தலைப்பு, திட்டத்தின் பெயர் போன்ற விவரங்கள் அனைத்தும் டிஎஸ்டி என்ற சிறு கோப்பில் இருக்கும். அதில் வரைகோடு எதுவும் இல்லை, எந்தத் தாள் எந்தக் கோப்பின் எந்த லேயவுட் என்ற சுட்டுகள்தான் உண்டு. ஒரு லேயவுட் ஒரு ஷீட் செட்டில் மட்டுமே இருக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதன் உயிர் ஃபீல்ட் என்ற வசதியில் இருக்கிறது. டைட்டில் பிளாக்கின் அட்ரிப்யூட்டில் (விவரம் நிரப்பும் இடத்தில்) 'ஏ-501' என்று தட்டுவதற்குப் பதிலாக, 'இப்போதைய தாளின் எண்' என்ற ஃபீல்டை வைக்கிறீர்கள். தலைப்புக்கு ஒன்று, திட்டப் பெயருக்கு ஒன்று, வரைந்தவர் பெயருக்கு ஒன்று. திட்டத்தின் பெயர் மாறினால் ஷீட் செட்டின் பண்புகளில் ஒரே ஒருமுறை திருத்தினால் 64 தாளிலும் மாறும். ஃபீல்டின் பின்னால் திரையில் வெளிர் சாம்பல் நிறம் தெரியும், அச்சில் வராது. பிறர் தந்த கோப்பைச் சோதிக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எண்ணின் பின்னால் சாம்பல் நிறம் இல்லையென்றால் அது கையால் தட்டியது.

வட்டக் குறிக்கும் இதே கதைதான், ஆனால் ஒரு படி அதிகம். கட்டடத்தின் ஜன்னல் அடி விவரத்தையே எடுத்துக்கொள்வோம். விவரங்கள் வரைந்த மாடல் கோப்பில் அந்த விவரத்தைச் சுற்றி ஒரு பெயரிட்ட வியூ (காட்சி) உருவாக்குங்கள். ஷீட் செட் மேனேஜரின் மாடல் வியூஸ் பகுதியில் அந்தக் கோப்புறையைச் சேர்த்திருந்தால் அந்தப் பெயர் அங்கே தெரியும். விவரத் தாளைத் திறந்து, அந்தப் பெயரைத் தாளில் வைக்கச் சொன்னால், எக்ஸ்ரெஃப் இணைவதும் வியூபோர்ட் உருவாவதும் அடியில் பெயர்க்குறி விழுவதும் ஒரே செயலில் முடிந்துவிடும். வைக்கும் தருணத்தில் வலப்பொத்தானை அழுத்தி அளவுகோலைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு ஷீட் வியூஸ் பகுதியில் அந்தக் காட்சிக்கு 4 என்று எண் கொடுங்கள். அடுத்து தள வரைபடத் தாளைத் திறந்து, அதே காட்சியின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, கால்அவுட் பிளாக்கை, அதாவது வட்டக் குறியை, வைக்கச் சொல்லி, ஜன்னல் அருகே சொடுக்குங்கள். வட்டத்தின் மேற்பாதியில் 4, கீழ்ப்பாதியில் ஏ-502. இரண்டும் நீங்கள் தட்டியவை அல்ல. நாளை ஏ-502 ஏ-503 ஆனால், அந்தத் தள வரைபடத்தை அடுத்தமுறை திறக்கும்போதே வட்டம் மாறியிருக்கும். கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு அந்த எண்ணைச் சொடுக்கினால் விவரத் தாளே திறக்கும். முன்பு சொன்ன அந்தத் திட்டத்தில் இது மட்டும் இருந்திருந்தால் ஒரு தளத்து ஜன்னல்கள் தப்பித்திருக்கும்.

ஃபீல்ட் எப்போது புதுப்பிக்கும் என்பதில் குழப்பம் வருவதுண்டு. ஃபீல்ட்இவால் என்ற மாறியின் இயல்பு மதிப்பு 31. திறத்தல் 1, சேமித்தல் 2, அச்சிடல் 4, ஈ-டிரான்ஸ்மிட் (சார்ந்த கோப்புகளையும் சேர்த்து அனுப்புதல்) 8, ரீஜென் (திரையில் மீண்டும் வரைதல்) 16. இவற்றைக் கூட்டினால் 31, அதாவது ஐந்து தருணங்களிலும் புதுப்பிக்கும். யாராவது இதைக் குறைத்து வைத்திருந்தால் எண் பழையதாகவே நிற்கும். அடுத்த சிக்கல் '####' என்று தெரிவது. எதைப் பார்க்க வேண்டுமோ அது கிடைக்கவில்லை என்று ஃபீல்ட் சொல்கிறது. பெரும்பாலும் யாரோ காட்சியை அழித்துவிட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கியிருப்பார்கள். பெயர் ஒன்றானாலும் பழைய கால்அவுட் பழைய காட்சியைத்தான் தேடும், அதை நீக்கிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அதனால் காட்சியை அழிக்காமல் திருத்தப் பழகுங்கள். கால்அவுட் பிளாக்கை வெடிக்கச் செய்யவே (எக்ஸ்ப்ளோட் கட்டளையால் தனித்தனித் துண்டுகளாக்கவே) கூடாது, அத்தோடு இணைப்பு போயிற்று.

எண் கொடுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மென்பொருள் இதைத் தீர்த்துத் தராது. 1 முதல் 64 வரை தொடர் எண் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவின் தேசிய கேட் (கணினி வரைபட) தரநிலை சொல்லும் முறை எளிது, எந்த நாட்டிலும் பொருந்தும்: துறைக்கு ஓர் எழுத்து, தாளின் வகைக்கு ஓர் இலக்கம், வரிசைக்கு இரண்டு இலக்கம். வகை இலக்கத்தில் 0 பொதுக் குறிப்புகள், 1 தள வரைபடங்கள், 2 முகப்புத் தோற்றங்கள், 3 வெட்டுத்தோற்றங்கள், 4 பெரிய அளவுகோல் காட்சிகள், 5 விவரங்கள், 6 அட்டவணைகள். ஏ-301 என்றதும் கட்டடக்கலையின் முதல் வெட்டுத்தோற்றம் என்று தாளைத் திறக்காமலே தெரிகிறது. தளத் தாள் ஒன்று கூடினால் விவரத் தாள்களின் எண் அசையாது. உங்கள் சிக்கலில் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே தீரும்.

வெளியிடும் வரை எண்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், இணைப்புகள் பின்தொடரும். ஒருமுறை வெளியிட்டபின் மாற்றாதீர்கள். கட்டுமான இடத்தில் ஒருவர் கையில் பழைய ஏ-502 இருக்கிறது. அவர் எழுதிய கடிதத்தில், கூட்டக் குறிப்பில், சுவரில் சாக்பீஸால் எழுதியதில் எல்லாம் அந்த எண் இருக்கிறது. அங்கே எந்த ஃபீல்டும் புதுப்பிக்காது. புதுத் தாள் வேண்டுமென்றால் வரிசையின் கடைசியில் சேருங்கள், இடையில்தான் வேண்டுமென்றால் ஏ-502ஏ என்று வையுங்கள். நீக்கிய தாளின் எண்ணை வேறு தாளுக்குத் தராமல், பட்டியலில் 'பயன்பாட்டில் இல்லை' என்று விட்டுவிடுங்கள்.

முதல் தாளில் உள்ள பட்டியலையும் ஷீட் செட்டே உருவாக்கித் தரும். இதில் ஒரு எச்சரிக்கை. தாள் சேர்த்தாலோ நீக்கினாலோ பட்டியலைத் தேர்ந்தெடுத்துப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். அப்படிப் புதுப்பிக்கும்போது அதற்குள் கையால் செய்த திருத்தங்கள் போய்விடும். தலைப்பில் பிழை கண்டால் பட்டியலில் திருத்தாமல் ஷீட் செட்டில் திருத்துங்கள்.

நான்கு பேர் ஒரே டிஎஸ்டி கோப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் அது பொதுச் சேமிப்பகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் தன் கணினிக்குப் பிரதி எடுத்து வேலை செய்தால் இரண்டு உண்மைகள் உருவாகிவிடும். ஒருவர் எண்ணையோ பண்பையோ மாற்றும் அந்தச் சிறு நேரத்துக்கு மட்டும் அது மற்றவர்களுக்குப் பூட்டியிருக்கும், அடுத்த சில நொடிகளில் திறந்துவிடும். எண் கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விடுவது என் வழக்கம். மற்றவர்கள் கேட்டுச் செய்யட்டும். தாள் கோப்பின் பெயரை விண்டோஸ் கோப்புறையில் போய் மாற்றவே கூடாது, ஷீட் செட் மேனேஜரில் உள்ள பெயர், எண் மாற்றும் கட்டளை வழியாகத்தான் மாற்ற வேண்டும். கோப்பின் பெயரும் கூடவே மாற வேண்டுமா என்று அதுவே கேட்கும்.

வெளியிடும்போது முழுத் தொகுப்பையும் ஒரே பிடிஎஃபாக எடுங்கள். 2016 பதிப்பிலிருந்து பிடிஎஃபில் இணைப்புகளும் புத்தகக் குறிகளும் வருகின்றன, ஆகவே கைபேசியில் திறப்பவரும் வட்டத்தைத் தொட்டு விவரத்துக்குப் போகலாம். டிடபிள்யூஜி கேட்பவருக்கு ஈ-டிரான்ஸ்மிட் வழியாக அனுப்பினால் எக்ஸ்ரெஃப், எழுத்துரு, பிளாட் ஸ்டைல் (அச்சில் கோடுகள் எப்படி வர வேண்டும் என்ற அமைப்பு) எல்லாம் சேர்ந்து போகும்.

வேறு மென்பொருள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆட்டோகேடைப் போன்ற பிரிக்ஸ்கேடில் ஷீட் செட் இருக்கிறது, டிஎஸ்டி கோப்பையே பயன்படுத்துகிறது. கட்டடத்தையே முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் ரெவிட்டில் இந்த இணைப்பு வேலை பிறவியிலேயே அமைந்தது. காட்சியைத் தாளில் வைத்ததும் அதைச் சுட்டும் குறிகள் தாமே நிரம்பும், ஒரே தாள் எண்ணை இருமுறை கொடுக்க அது விடாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தின் நடுவில் இதற்காக மட்டும் ரெவிட்டுக்குத் தாவ வேண்டாம்.

கடைசியாக, பாதி வேலையில் மாறுவது. 64 தாளையும் ஒரே வாரத்தில் பிரிக்க முயல வேண்டாம். முதலில் முழுக் கோப்புறையையும் அப்படியே பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். காலியான ஷீட் செட் ஒன்று உருவாக்கி, இருக்கும் லேயவுட்களைத் தாள்களாக இறக்குமதி செய்யுங்கள், நாற்பதும் ஒரே கோப்பில் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்து டைட்டில் பிளாக்கில் ஃபீல்ட்களை வைத்துவிடுங்கள், பட்டியலை உருவாக்கிவிடுங்கள். இந்த இரண்டும் ஒரு நாள் வேலைதான், பலன் அன்றே தெரியும். பிறகு விவரத் தாள்கள். ஏற்கெனவே உள்ள வியூபோர்ட்களை அழித்து மீண்டும் வைக்க வேண்டியதில்லை. லேயவுட்டில் ஒவ்வொரு விவரத்தையும் சுற்றிப் பெயரிட்ட வியூ உருவாக்கினால் அது ஷீட் வியூஸ் பகுதியில் வந்துவிடும், அங்கிருந்து கால்அவுட் வைக்கலாம். பழைய வட்டங்களை அழிப்பதற்கு முன் புதியதை அருகிலேயே வைத்து, இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒவ்வாத இடம் ஒன்றிரண்டாவது இருக்கும், அவை ஏற்கெனவே தப்பிப்போன குறிகள். அவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அந்தத் தாள்கள் வெளியே போயிருந்தால் கட்டுமான இடத்துக்கு அன்றே தெரிவித்துவிடுங்கள். பெரிய கோப்பைத் தனித்தனித் தாள்களாகப் பிரிப்பதை அதன்பின், அடுத்த வெளியீட்டுக்கும் அதற்கடுத்த வெளியீட்டுக்கும் இடைப்பட்ட நாட்களில், ஒரு நாளைக்கு ஐந்தாறு என்று செய்துகொள்ளலாம்.